உங்களுக்குத் தெரியுமா? 130 பேர் கற்றார்கள், 115 பேர் கிளம்பினார்கள்!

வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் 1979இல் 130 ஊழியர்களைத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. 1980களிலேயே அவர்களில் 115 பேர் தேஷை விட்டு விலகினார்கள். சிலர் போட்டி ஆலைகளில் சேர்ந்தார்கள். சிலர் சொந்தமாகவே ஆலை தொடங்கினார்கள்.

• தேவூவின் பூசான் ஆலையில் கற்றது தையல் மட்டுமல்ல. தரக்கட்டுப்பாடு, நிர்வாகம், வெளிநாட்டு விற்பனை எல்லாம்தான். ஆள் போன இடத்துக்கெல்லாம் பாடமும் கூடவே போனது.

• 1981இல் தேஷ், தேவூவுடனான ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. ஆனாலும் படுத்துவிடவில்லை: 1980இல் சுமார் 43,000 சட்டைகள், 1987இல் 23 லட்சம்!

• அந்நிய நிறுவனத்தின் பாடம் எல்லா நாட்டிலும் இப்படி உள்ளூர் ஆலைகளுக்குப் பரவுவதில்லை. வெனிசுலாவின் 1976–89 ஆலைக் கணக்குகளை ஆராய்ந்தபோது, அந்நிய முதலீடு நுழைந்த துறைகளில் உள்ளூர் ஆலைகளின் உற்பத்தித்திறன் குறைந்தே இருந்தது. வாடிக்கையாளர்களைப் புதியவர் பறித்துக்கொண்டதே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

• லிதுவேனியாவில் அந்நிய முதலீட்டால் பலன் பெற்றவர்கள் உள்ளூர்ப் போட்டியாளர்கள் அல்ல. அந்நிய ஆலைகளுக்குச் சரக்கு கொடுத்த உள்ளூர் சப்ளையர்கள்.