64 ஆண்டுகள் ஒரே கட்டடத்தில்

அமெரிக்க அரசியல் என்றால் நம் நாளிதழ்களுக்கு வாஷிங்டன்தான். ஆனால் பள்ளிகளுக்கு எவ்வளவு பணம், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, தேர்தல் தொகுதிகளின் எல்லை எங்கே என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்பவை அங்குள்ள 50 மாநிலச் சட்டமன்றங்கள். அவற்றில் 7,300-க்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை மற்ற எவரையும்விட நீண்ட காலம் பார்த்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபிரெட் ரிஸ்ஸர்.

1927-ல் மாநிலத் தலைநகரான மேடிசனில் பிறந்த ரிஸ்ஸர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். பின்னர் வழக்கறிஞரானார். 1956 தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்குத் தேர்வானார். 1962 இடைத்தேர்தலில் வென்று மேலவையான மாநில செனட்டுக்குப் போனவர், 2021 ஜனவரியில்தான், 93 வயதில், அங்கிருந்து வெளியே வந்தார். மொத்தம் 64 ஆண்டுகள். அதற்குள் நாட்டில் 12 அதிபர்கள், மாநிலத்தில் 13 ஆளுநர்கள். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர், டெல்லி அனுப்புபவர் போன்றவர் அல்லர்.)

அவருக்கு முன்பே குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தச் சட்டமன்றத்தில் இருந்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த கொள்ளுத் தாத்தாவும், தாத்தாவும் குடியரசுக் கட்சியினர். தந்தை புரோகிரசிவ் கட்சி. மகன் ஜனநாயகக் கட்சி. நாற்காலி குடும்பத்தில் தங்கியது, கட்சி தங்கவில்லை.

இவ்வளவு நீளமான பதவிக்காலம் எப்படிச் சாத்தியமானது? ஆளின் திறமை ஒரு பங்கு என்றால், மாநிலத்தின் விதிகள் அதைவிடப் பெரிய பங்கு என்பேன். கலிபோர்னியாவில் பிறந்திருந்தால் ரிஸ்ஸரின் கதை வேறு. அங்கே 1990-ல் மக்கள் வாக்களித்துப் பதவிக்கால வரம்பைக் கொண்டுவந்தார்கள். இப்போதைய விதிப்படி ஒருவர் வாழ்நாளில் 12 ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றத்தில் இருக்க முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் வரம்பு இல்லை, ஆனால் சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். 1889-ல் வைத்த தொகை, இன்றும் அதேதான். வேறு வருமானம் உள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான் அங்கே நீடிக்க முடியும். விஸ்கான்சினிலோ பதவிக்கால வரம்பும் இல்லை. உறுப்பினர் பதவி முழுநேர வேலையாகக் கருதப்படுகிறது. ரிஸ்ஸரின் கடைசி ஆண்டுகளில் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலருக்குச் சற்று மேல்.

பலருக்கு மாநில அவை ஒரு படிக்கட்டு மட்டுமே. ஒபாமா இல்லினாய்ஸ் மாநில செனட்டில் 1997 முதல் 2004 வரை இருந்துவிட்டு வாஷிங்டன் போனார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலுக்கு வாஷிங்டன் மாநில செனட்டில் இரண்டு ஆண்டுகளே போதுமாக இருந்தன. ரிஸ்ஸர் நீடித்தார். பல ஆண்டுகள் செனட்டின் தலைவர் இருக்கையிலும் அமர்ந்தார். பணியிடங்களிலும் உணவகங்களிலும் புகைபிடிப்பதைத் தடுக்க அவர் நெடுங்காலம் போராடினார். அந்தத் தடை மாநிலம் முழுவதும் 2010 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அவரை நாடே பார்த்தது 2011-ல், அதுவும் அவர் சபையில் இல்லாததால். அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையைப் பெருமளவு பறிக்கும் மசோதாவை ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்தார். செனட்டில் மொத்தம் 33 பேர். குடியரசுக் கட்சியினர் 19, ஜனநாயகக் கட்சியினர் 14. சாதாரண வாக்கெடுப்பில் 14 பேரால் எதையும் தடுக்க முடியாது. ஆனால் நிதி சார்ந்த மசோதாவுக்குக் குறைந்தது 20 பேர் அவையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு ஆள் குறைவு. அவை நடக்கும் இடத்துக்கு உறுப்பினர்களைக் காவலர் அழைத்துவரலாம், ஆனால் மாநில எல்லைக்குள் மட்டுமே. எனவே பிப்ரவரி 17 அன்று 14 பேரும் எல்லை தாண்டி இல்லினாய்ஸுக்குப் போய்விட்டார்கள். 83 வயது ரிஸ்ஸரும் அதில் ஒருவர். ஒன்றரை மாதம் முன்புவரை அந்த அவையின் தலைவராக இருந்தவர் அவர்!

மூன்று வாரம் ஆளுங்கட்சி காத்திருந்தது. மார்ச் 9 அன்று மசோதாவிலிருந்து நிதிப் பகுதிகளை உருவிவிட்டு, அவர்கள் இல்லாமலே 18-1 என நிறைவேற்றியது. விதியைக் கொண்டு தடுத்தார்கள், விதியைக் கொண்டே தடை உடைந்தது. என் பார்வையில் இரு தரப்பிலும் யாரும் சட்டத்தை மீறவில்லை. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் ஆட்டம் அது.

ரிஸ்ஸர் இவ்வளவு காலம் நீடித்ததற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். மேடிசன் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான போட்டி, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் 'பிரைமரி' தேர்தலில்தான். பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்கும்வரை அதில் மோத வருபவர்கள் குறைவு. 2020-ல் ரிஸ்ஸர் விலகுவதாக அறிவித்ததும் அந்த ஓர் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியிலேயே ஏழு பேர் களமிறங்கினார்கள். வென்ற கெல்டா ராய்ஸ் 2021 ஜனவரியில் அவருடைய இடத்தில் பதவியேற்றார்.