தண்டுவடமும் 31 இணை நரம்புகளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. சங்க ஆய்வுப் பணியின் பொருட்டு நாம் அடிக்கடி கடந்து செல்லும் இடம் அது. முன்னர் ஏரிப்பாசன வயல்களாக இருந்த இவ்வட்டாரம் இன்று தொழிற்சாலைகளின் நிலமாக மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது; ஒரகடத்தில் 2010-ல் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நம் நெசவாளர், விவசாயி அங்கத்தினர் பலருடைய பிள்ளைகள் இங்கே இரவும் பகலும் முறை வைத்து வேலை பார்க்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், நெசவாளர் ஒருவரின் மகன் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இருசக்கர வண்டியிலிருந்து வீழ்ந்து கிடந்தார். அவ்வழியே சென்ற நாமும் இன்னும் மூவரும் ஓடினோம். ஒருவர் தோள்களைப் பற்ற, ஒருவர் கால்களைப் பற்ற, அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து அனுப்பினோம். நல்லது செய்ததாகவே எண்ணினோம். அன்று மாலை மருத்துவர் எம்மிடம், “பலகையில் கிடத்திக் கொண்டுவந்தீர்களா?” என்று வினவினார். இல்லை என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே அவ்விளைஞருக்கு உணர்ச்சி இல்லை. வீழ்ந்தபோதே அவ்வாறு ஆயிற்றா, நாம் தூக்கியதால் ஆயிற்றா என்பதை எவராலும் கூற இயலாது. அந்த ஐயமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

எலும்பும் வடமும்

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன் கீழ் ஒன்றாய் இணைந்த 5, வால்முனையில் 4 என அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு துளை உண்டு. துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நீண்ட குழாயாகின்றன. அக்குழாயினுள்ளே மூன்று உறைகள் போர்த்த, நீர் சூழ, மூளையிலிருந்து இறங்கி வருவதே தண்டுவடம்.

அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர்; தடிமன் ஏறக்குறையச் சுண்டுவிரல் அளவு. அது முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை. இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால் போலக் கற்றையாய்த் தொங்குகின்றன.

இரு வேர்கள்

வடத்திலிருந்து வலமும் இடமுமாக 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதன் கீழ் 5, முனையில் 1. ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள். பின்வேர் செய்தியை உள்ளே கொணர்வது: சூடு, குத்தல், தொடுதல் முதலியன. முன்வேர் கட்டளையை வெளியே கொண்டுசெல்வது: கையை நீட்டு, மிதியை அழுத்து என்பன போன்றவை. தறியில் அமர்ந்தவர் காலால் மிதிக்கும்போதும், இழை அறுந்ததை விரலால் உணரும்போதும் இவ்விரு வழிகளும் ஒருங்கே இயங்குகின்றன. சுடும் பாத்திரத்திலிருந்து கையைச் சட்டென இழுத்துக்கொள்வதற்கு மூளையின் உத்தரவுகூட வேண்டுவதில்லை. தண்டுவடமே அதனை முடித்துவிடுகிறது.

வடம் எந்த உயரத்தில் சிதைகிறதோ, அதற்குக் கீழுள்ள உறுப்புகள் மூளையின் தொடர்பை இழக்கின்றன. முதுகின் நடுவில் சிதைந்தால் கால்கள் போகும்; கைகள் தப்பும். கழுத்தில் சிதைந்தால் கைகளும் போகலாம். கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள் மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குவன. அவற்றுக்கு மேலே முற்றும் அறுபட்டால் தானாக மூச்சு விடுதலும் இயலாது.

கைகால்களில் ஓடும் நரம்பு அறுபட்டால், தக்க சிகிச்சையால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடும். தண்டுவடத்தின் இழைகளோ அவ்வாறு வளர்வதில்லை. பாவில் அறுந்த இழையை நாம் முடிபோட்டுச் சேர்க்கிறோம். இந்த வடத்தில் முடி போடும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஆகவே காத்தல் ஒன்றே வழி.

தறிக்குழியும் நெல்மூட்டையும்

முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு என்னும் மெத்தைகள் உள்ளன. நாள் முழுதும் தறிக்குழியில் குனிந்திருப்பவருக்கும், 75 கிலோ நெல்மூட்டையை இடுப்பை வளைத்துத் தூக்குபவருக்கும் அந்த வட்டு பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தலாம். இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம்வரை இழுக்கும் வலி பெரும்பாலும் இதனாலேயே. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்தல், சுமையை உடலோடு அணைத்து முழங்காலை மடக்கித் தூக்குதல் ஆகியவை செலவில்லாத மருந்துகள்.

வலி மட்டுமெனில் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணியும். ஆயின் உட்காரும் இடம் மரத்துப்போதல், சிறுநீர் கழியாமை, காலில் வலுக் குறைதல் ஆகியவை தோன்றினால், அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். குதிரைவால் நரம்புகள் நெருக்கப்படுகின்றன என்பதன் அறிகுறிகள் அவை.

விபத்து நேர்ந்தால்

சாலையிலோ மரத்தினின்றோ வீழ்ந்தவரை உடனே தூக்காதீர்கள். தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லையெனில், கிடந்த நிலையிலேயே இருக்கட்டும். ஒருவர் தலையின் இருபுறமும் கைவைத்து அசையாது பிடிக்க வேண்டும். உட்காரவைப்பதும், தலைக்கவசத்தைப் பிடித்து இழுப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடா. கைகால் விரல்களை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். 108-ஐ அழையுங்கள், 2008 முதல் இவ்வூர்தி நம் மாநிலத்தில் கட்டணமின்றி ஓடுகிறது. மூச்சு நின்றிருந்தால் மட்டும், மூச்சைக் காப்பதே முதற்கடமை. நகர்த்தியே தீரவேண்டுமெனில், நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்குமாறு ஒருசேரப் புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும்.

உதவி செய்வோர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென 2021-ல் மாநில அரசு ஒரு திட்டமும் தொடங்கியது.

வேலூர் தந்த பாடம்

தண்டுவடம் சிதைந்தோர்க்கு வாழ்வு முடிந்துவிட்டதென எண்ணுதல் தவறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உண்டு. இத்தகையோர்க்குப் படுக்கைப்புண்ணே பெரும் பகை. படுத்திருக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் அதனைத் தடுக்கலாம். அதற்கு வேண்டுவது வீட்டாரின் பொறுமையே.

சங்கத் தலைவர்களுக்கும் நிர்வாகக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டிடத்தில் ஆள் நீளமுள்ள உறுதியான பலகை ஒன்றும், அகலமான பட்டைகள் நான்கும் வைத்திருங்கள். அங்கத்தினருள் நால்வர்க்கேனும் அரசு மருத்துவமனை வாயிலாக முதலுதவிப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் சேருங்கள்.

நாம் தூக்கிய அவ்விளைஞர் இன்று சக்கர நாற்காலியில் அமர்ந்து தந்தையின் தறிக்குத் தார் சுற்றுகிறார். சங்கத்தில் தாமும் அங்கத்தினராகச் சேர்ந்துள்ளார். அவ்வூர்ச் சங்கத்தின் சுவரில் இப்போது ஒரு பலகை சாத்தியிருக்கிறது. அதனை வாங்கித் தரும்படி முதலில் கேட்டவர் அவரே.