வாட்டர் போலோ: காலூன்ற இடமில்லாத ஆட்டம்

வாட்டர் போலோவைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஆட்டத்தின் உயிர் இருப்பதோ தண்ணீருக்கு அடியில், கால்களில். குளத்தின் ஆழம் குறைந்தது 1.8 மீட்டர். அடித்தரையில் காலை ஊன்றி விளையாடினால் தவறு. எட்டு எட்டு நிமிடமாக நான்கு பகுதிகள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நின்றுவிடும் என்பதால், முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் மிதந்தபடியே பந்தைப் பிடிக்கவும் எறியவும் எதிராளியோடு மல்லுக்கட்டவும் வேண்டும்.

இப்படி மிதக்கத் தவளை நீச்சல் போதாது. அதில் இரு கால்களும் சேர்ந்து உதைக்கின்றன. உதைத்ததும் உடம்பு எழும்பும். கால்களை மடக்கும்போது இறங்கிவிடும். வாட்டர் போலோக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடைகளை விரித்து வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை வலமாகவும் இன்னொன்றை இடமாகவும் மாற்றி மாற்றிச் சுழற்றுகிறார்கள். எக்பீட்டர் கிக் என்று இதற்குப் பெயர். ஒரு கால் மடங்கும் நேரத்தில் மற்றது தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பதால் உடம்பு ஒரே மட்டத்தில் நிற்கிறது, கைகள் ஓய்வாகின்றன. சுழற்சியை முடுக்கிவிட்டால் இடுப்பு வரை மேலே எழும்பி, ஓங்கி எறியலாம். அந்த எறிவின் வலு தோளிலிருந்து மட்டும் வருவதில்லை.

அணிக்கு ஏழு பேர். சிவப்புத் தொப்பிக்காரரான கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொட வேண்டும். இறங்குவதற்கு முன் நடுவர்கள் விரல் நகங்களைச் சோதிப்பார்கள். உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வரவும் கூடாது. காரணம் இருக்கிறது. பந்தைக் கையில் வைத்திருப்பவரைப் பிடித்து இழுக்கலாம், அமுக்கலாம். அவர் பந்தை விட்டுவிட்டாலோ, அதே பிடி பெரிய தவறாகிவிடும்! பிடித்தவர் சில நொடிகள் ஆட்டத்துக்கு வெளியே போக வேண்டும். மூன்று முறை அப்படி ஆனால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. எதிரணி ஆள் குறைந்து நிற்கும் அந்த நொடிகள்தான் கோல் போட நல்ல சந்தர்ப்பம்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் உருவான இந்த ஆட்டம், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பிடித்தது. பெண்கள் 2000 சிட்னி ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. ஆண்கள் பிரிவில் ஒன்பது தங்கம் வென்ற ஹங்கேரிதான் இந்த ஆட்டத்தின் ஜாம்பவான். 1956இல் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் படைகள் நசுக்கிய சில வாரங்களில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இரு நாட்டு அணிகளும் மோதின. ஹங்கேரி 4-0 என முன்னணியில் இருக்க, கடைசிக் கட்டத்தில் ஹங்கேரி வீரர் எர்வின் ஸாடோரின் முகத்தில் சோவியத் வீரரின் அடி ஒன்று விழுந்தது. கண்ணுக்குக் கீழே கிழிந்து ரத்தம் வழிய அவர் கரையேறினார். பார்வையாளர்கள் கொதித்தெழ, ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. வெற்றி ஹங்கேரிக்கு, தங்கமும் அவர்களுக்கே. ஸாடோரால் மட்டும் இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை.

நமக்கும் இதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா வாட்டர் போலோவில் தங்கம் வென்றது. 1970இல் வெள்ளி, 1982இல் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நமக்கு இதில் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை.