தேய்ப்பது மணல், அரிப்பது உப்பு

மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் உப்புநீர் இறைக்கும் பம்பின் ஷாஃப்ட் தேய்ந்தால், பழியை உப்பின் மேல் போடுவது எளிது. ஆனால் கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் உப்புப் படிகம் வெறும் 2.5. அதனால் இரும்பைக் கீற முடியாது. கீறுவது மணல், அதன் கடினம் 7. நீரோடு வரும் மணல்துகள், ஷாஃப்டைச் சுற்றி நீர்க்கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்கில் சிக்கிக்கொண்டால், ஷாஃப்ட் சுழலச் சுழல ஒரே இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுகிறது. நகத்தை ஓட்டிப் பார்த்தாலே அது தட்டுப்படும். உப்பின் வேலை வேறு: அது துருவேற்றுகிறது. மணல் அந்தத் துருவை வழித்தெடுக்க, புதிதாக வெளிப்பட்ட உலோகம் மறுபடி துருவேறுகிறது. ஆகவே இங்கே தேய்மானம் என்பது இரண்டு நோய்கள் கூடிச் செய்யும் அழிவு. மருந்தும் இரண்டுக்கும் சேர்த்தே வேண்டும்.

முதல் நோய்க்கான மருந்து, மேற்பரப்பைக் கடினமாக்குவது. கேஸ் ஹார்டனிங் முறையில், கார்பன் குறைந்த எஃகைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, மேல்தோலில் கார்பனை ஊறவைத்து, எண்ணெயில் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது இரும்பணுக்களின் அடுக்கு கார்பனைச் சிறைப்படுத்தி, மார்ட்டென்சைட் என்னும் இறுகிய அமைப்பாகிறது. விக்கர்ஸ் என்னும் வேறொரு கடின அளவில் சாதாரண எஃகு ஏறத்தாழ 130; இந்தத் தோலுக்கோ 700க்கு மேல். உள்பகுதி மென்மையாகவே இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். முழுவதையும் கடினமாக்கினால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்த பாகம் அடிபட்டால் எளிதில் உடையும்.

ஆனால் கடினமான எஃகும் துருப்பிடிக்கும். எண்ணெயில் ஓடும் படகு என்ஜின் பல்சக்கரத்துக்குப் போதுமான இந்த மருந்து, உப்புநீரில் நனையும் ஷாஃப்டுக்குப் போதாது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகு போதுமே என்றால், பம்புகளில் வழக்கமாகப் பயன்படும் வகைகள் மணலுக்கு முன் மென்மையானவை. அவற்றை 500 டிகிரிக்கு மேல் நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கினால், துருவைத் தடுக்கும் குரோமியமே நைட்ரஜனோடு சேர்ந்து கட்டுண்டுவிடுகிறது. ஒன்றைக் காக்கப்போய் மற்றதை இழக்கிறோம்.

அதனால் இரண்டு வேலைகளையும் பிரித்துக் கொடுப்பதே சரி. உப்புநீரைத் தாங்கும் எஃகில் ஷாஃப்ட். பேக்கிங் உராயும் இடத்தில் மட்டும், மணலின் தேய்ப்பைத் தாங்கும் குரோமியம் ஆக்சைடு பூசிய ஸ்லீவ் என்னும் உறை. செலவு கூடுமே என்பது நியாயமான கவலைதான். ஆனால் தேய்ந்தால் கழற்றி மாற்ற வேண்டியது அந்தச் சிறு உறை மட்டுமே, முழு ஷாஃப்ட் அல்ல. வெயில் காய்ந்து உப்பு விளையும் சில மாதங்களுக்குள் பம்பு நின்றால் உப்பளத்தாருக்கு அந்த நாட்களின் விளைச்சல் போய்விடும். அவர்களுக்குத் தேவை மிகக் கடினமான எஃகு அல்ல. எதிரி எது என்று பார்த்துத் தேர்ந்த எஃகு.