ஒரகடத்தில் ஒரே கூரையின் கீழ் ஏன் இத்தனை கார்கள்?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: ரெனால்ட், நிசான் என்று இரண்டு பெயர்களில் விற்கும் கார்களை ஒரகடத்தில் ஏன் ஒரே ஆலையில் கலந்துகட்டிச் செய்கிறார்கள்? ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் குழப்பம் இருக்காதே?

2010 மார்ச்சில் திறந்த அந்த ஆலையின் திறன், ஆண்டுக்கு 4.8 லட்சம் கார்கள் வரை வளர்ந்தது. எந்த ஒரு மாடலும் அத்தனை விற்காது. முதலில் மைக்ரா. 2012-ல் வந்த டஸ்டர் சக்கைப்போடு போட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. 2015-ல் க்விட், 2019-ல் ட்ரைபர், 2020-ல் மேக்னைட். ஒன்று இறங்கும்போது இன்னொன்று தாங்காவிட்டால் பெயின்ட் ஷாப்பும் ரோபோக்களும் சும்மா கிடக்கும். கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். அருகிலேயே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கடைசியில் மைக்ரோசாஃப்டின் ஆர்டர் ஒன்றையே நம்பி நின்றது. அது நின்றதும் 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது.

புதிய கார் வடிவமைப்பிலும் இதே கணக்குதான்: ஆட்கள் சும்மா இருக்கக் கூடாது. கல்யாணச் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவர் சாம்பார் இறங்கும்வரை கைகட்டி நிற்பதில்லை, மறுபந்திக் காயை எடுத்துவிடுவார். வீடியோ கேம் நிறுவனங்கள் பல இரண்டு மூன்று விளையாட்டுகளைச் சேர்த்தே உருவாக்குவதும் இதனால்தான். கதையும் ஓவியமும் முடித்தவர்களுக்கு, சோதனை நடக்கும் மாதங்களில் அடுத்த வேலை வேண்டுமே.

மாடல்கள் கலந்து நகர்ந்துவரும் அசெம்பிளி லைனில்தான் வியப்பான சங்கதி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 60 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சின்ன காருக்கு 50 விநாடி போதும். மூன்று வரிசை சீட் உள்ள ஏழு பேர் காருக்கு 70 ஆகும். பெரிய கார் வந்தால் தொழிலாளி வேலையை முடிக்க, நகரும் காரோடு தானும் நகர்ந்து, அடுத்தவர் இடத்துக்குள் சில அடிகள் போய்விடுவார். பின்னால் சின்ன கார் வந்தால் மிச்சமாகும் விநாடிகளில் பழைய இடத்துக்குத் திரும்பலாம். பெரியவை இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால் திரும்ப வழியில்லை. லைனையே நிறுத்த வேண்டியதாகும். அதனால்தான் எந்தக் காருக்குப் பின் எந்தக் கார் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். டொயோட்டா இதை ஒரு கலையாகவே வளர்த்தது.

அந்தக் கணக்கு விநாடிகளைத்தான் பார்க்கிறது. ஷிப்ட் முழுக்க முன்னும் பின்னும் நடக்கும் கால்களைப் பார்ப்பதில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், இந்த ஆலைத் தொழிலாளர்கள் இடைவெளி விட்டு வேலை செய்ய வழி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அடுத்தவர் இடத்துக்குள் நகர்ந்து நகர்ந்து வேலை செய்கிறவர்கள் கேட்டது அது. எந்தக் கார் எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம்.