கைக்குள் எத்தனை வருடம்?

குச்சவெளிப் பக்கம் பொய்க்கை பொருத்தப் போனால் நான் அடிக்கடி கேட்பது பாரத்தைப் பற்றிய முறைப்பாடு அல்ல. "தம்பி, கை தங்கூசியைப் பிடிக்குது. மீன் இழுக்கிறதுதான் தெரியேல்லை" என்றார் கடலுக்குப் போகிற அண்ணை ஒருவர்.

அந்த உணர்வைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. விரல்கள் போனாலும் அவற்றுக்குரிய நரம்பு மேற்கையில் உயிரோடுதான் இருக்கும். அங்கே மின்வாய் பதித்து மெல்லிய மின்துடிப்புக் கொடுத்தால், தன் விரலில் ஏதோ படுகிறது என்றே மூளை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டஸ்டின் டைலர் குழு 2012இல் ஒருவருக்கு இப்படிப் பதித்தது. அவர் செரிப்பழத்தை நசுக்காமல் பிடித்துக் காம்பைக் கிள்ளினார்.

பதிப்பது ஒரு நாள் வேலை. அதன்பிறகு உடம்பு என்ன செய்யும்? கெளிற்று முள் கைக்குள் ஒடிந்து தங்கினால் சுற்றிலும் தடித்து முடிச்சாகுமே, அதேதான். எதிர்ப்புக் கலங்கள் மின்வாயைத் தின்னப் பார்க்கும். முடியாதபோது ஒன்றோடொன்று இணைந்து அதன்மேல் படியும். பின் நார்த்திசு உறை போர்த்திவிடும். நரம்பிழை எட்டிப்போக, அதே உணர்வுக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அளவு மீறினால் நரம்பும் கெடும், மின்வாயும் அரிக்கும்.

யூட்டா பல்கலைக்கழகத்தார் 4 மில்லிமீற்றர் சதுரத்தில் 100 சிலிக்கன் ஊசிகள் வைத்து நரம்புக்குள்ளேயே குத்தினார்கள். நுட்பமான உணர்வு கிடைத்தது. ஆனால் சிலிக்கன் நரம்பைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பு. கை அசைய அசைய உரசும். மாதங்கள் போகப் போக வேலை செய்யும் ஊசிகள் குறைந்தன.

நரம்பைக் குத்தாமல் சுற்றி அணைக்கும் சிலிக்கோன் பட்டியில் துல்லியம் குறைவு, ஆயுள் கூட. சுவீடனில் மேற்கை எலும்பில் டைட்டேனியம் பதித்து, அதனூடாகப் பட்டி மின்வாய்க்குக் கம்பி கொண்டுபோனார்கள். நான்கு பேர் 3 முதல் 7 வருடம் வரை அந்தக் கையோடு அன்றாட வேலை பார்த்ததாக 2020இல் அறிக்கை வந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு வைக்கும் கொக்ளியர் கருவியும் நரம்பைக் குத்துவதில்லை. அதன் மின்வாய் உட்செவிக்குள் பல பத்தாண்டுகள் உழைக்கிறது.

என் தெரிவு பட்டிதான். கயிறு இழுத்துப் பிழைக்கும் கைக்கு நுட்பத்தைவிட நீடிப்பே முக்கியம். ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும்: டைட்டேனியம் வெளிவரும் இடத்தில் தோல் மூடாது, கிருமி ஏற வழியுண்டு. நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

காணொளியைக் காட்டி யாராவது உங்களுக்கு இப்படியொரு கை தருவதாகச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஒரு மனிதருக்குள் எத்தனை வருடம் இருந்திருக்கிறது? பழுதானால் நரம்பு கெடாமல் எடுக்கலாமா?