கோடையில் மண் வீட்டின் வெளிச்சுவர்

கங்கைச் சமவெளியின் கிராமங்களில் மண் வீடுகளின் வெளிச்சுவர்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முன் மெழுகப்பட்டு வெள்ளையடிக்கப்படுகின்றன. மழையில் அரிக்கப்பட்ட சுவரை அதன் பின்னர் அழகுபடுத்தும் வழக்கம் இது. ஆயின் சுவர் சேதமுறுவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலாகையால், அதனைக் காக்கும் வேலை மே மாதத்திலேயே தொடங்கி ஜூன் முற்பகுதியில் முடிந்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் நடுவில் பீகாரையும், ஜூன் இறுதி வாரத்தில் தில்லியையும் எட்டுவது சராசரி நிலையாகும்.

உலர்ந்த களிமண் கூரையின் பாரத்தை எளிதில் தாங்கும். நீரை உறிஞ்சிய களிமண்ணோ வலிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. அடிச்சுவர் இவ்வாறு இளகி, மேற்சுவர் இரவில் சரியும்போது அதனருகே உறங்குவோர் உயிரிழக்கின்றனர். மழைக்காலந்தோறும் வெளிவரும் இத்தகைய செய்திகளை ஊழியர்கள் அறிவர்.

முதலிற் பார்க்க வேண்டிய இடம் தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரம் வரையுள்ள பகுதி. கூரை இறவாரத்திலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறித்து இப்பகுதியையே தாக்குகிறது. சுவர் உள்வாங்கிக் குழிவதும் இங்கேதான். எலி வளைகள், கறையான் தடங்கள், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகள் ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும். சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்தோ புடைத்தோ காணப்பட்டால், அதன்மேல் பூசுவது அபாயத்தை மறைப்பதேயாகும். அத்தகைய பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவிக்க வேண்டும். அதுவரை அதனருகே எவரும் படுத்துறங்கலாகாது.

பூச்சுக்குரிய மண்ணைச் சோதிப்பது பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய காரியம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் அதன்மேற் படியும். களி நெடுநேரம் நீரைக் கலக்கியே வைத்திருக்கும். களி மிகுதியானால் பூச்சு உலரும்போது வெடிக்கும். மணல் மிகுதியானால் உதிரும். கரிசல்மண் நனைந்தால் பருத்தும் காய்ந்தால் சுருங்கியும் போவதால் இதற்கு ஏற்றதன்று. தேர்ந்த மண்ணுடன் ‘பூசா’ எனப்படும் கோதுமை வைக்கோல் தூளைக் கலந்து, நீர் தெளித்து, அவ்வப்போது மிதித்து, ஒரு வாரம் ஊற விடுதல் வேண்டும். வைக்கோல் இழைகள் வெடிப்புகள் பரவாமல் தடுக்கின்றன.

இம்முறை கிராமத்துப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்ததே. 1947-இல் நிறுவப்பட்ட ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இச்சாந்துடன் சிறிது தாரைச் சேர்த்து, மழையில் எளிதிற் கரையாத பூச்சு ஒன்றை உருவாக்கியது. தார், மண்ணெண்ணெய், பாரபின் மெழுகு ஆகியவை 100 : 20 : 1 என்ற விகிதத்தில் சேர்க்கப்படுகின்றன. 80/100 தரமுள்ள தார் (இன்றைய வகைப்பாட்டில் ஏறக்குறைய வி.ஜி.-10) 1½ கிலோவை 15 கிராம் மெழுகுடன் உருக்கி, 300 மில்லிலிட்டர் மண்ணெண்ணெய் உள்ள பாத்திரத்தில் ஊற்றி, விடாது கிளறவேண்டும். இக்கலவை 30 லிட்டர் மண் சாந்துக்குப் போதுமானது. மண்ணெண்ணெய் தாரை நீர்க்கச் செய்து மண்ணெங்கும் பரப்பிப் பின் ஆவியாகிவிடுகிறது. எஞ்சிய தார் மெல்லிய படலமாகி நீர் புகுவதைத் தடுக்கிறது.

இவ்வேலையில் தீ விபத்துக்கு இடமுண்டு. உருகிய தாரை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பிலிருந்து நெடுந்தூரம் கொண்டு சென்ற பின்னரே மண்ணெண்ணெயுடன் சேர்த்தல் வேண்டும். அடுப்பின் மீதுள்ள தாரில் மண்ணெண்ணெயை ஊற்றுவது உயிருக்கே ஆபத்தானது. சிறுவர்களை அண்டவிடலாகாது.

முப்பது லிட்டர் சாந்து, 12 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 2½ சதுர மீட்டர் பரப்பை மூடும். ஆறு மீட்டர் நீளமும் 2½ மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவருக்கு இவ்வாறு ஆறு கலவைகள், அதாவது 9 கிலோ தார் தேவை. நான்கு சுவர்களுக்கும் செலவிட இயலாதோர் அடிப்பகுதி முழுவதையும் கிழக்குச் சுவரையும் மட்டும் பூசலாம். சமவெளியில் மழையைக் கொணர்வது பெரும்பாலும் ‘புர்வா’ எனும் கீழைக்காற்றேயாம்.

பழைய சுவரில் தளர்ந்த மண்ணைச் சுரண்டி, குழிகளை அடைத்து, அவை காய்ந்தபின் நீர் தெளித்துப் பூச்சைத் தொடங்க வேண்டும். ‘லூ’ எனும் அனற்காற்று வீசும் நண்பகலில் பூசினால் மேற்புறம் மட்டும் விரைந்துலர்ந்து வெடித்துவிடும். அதிகாலையும் மாலையுமே தக்க நேரங்கள். வெடிப்புத் தோன்றினால் சாணமும் மண்ணும் கரைத்த குழம்பால் மெழுகி அடைக்கலாம். நன்கு உலர்ந்தபின் சுண்ணாம்பு அடித்தால், கருமை மறைவதோடு வெயிலின் உஷ்ணமும் ஓரளவு திருப்பியனுப்பப்படும்.

எத்துணை நற்பூச்சாயினும் சுவரடியில் நீர் தேங்கினால் பயன்படாது. இறவாரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அல்லது இரண்டடி நீண்டிருத்தல் நலம். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்திற்கு மண்ணை இடித்து இறுக்கி, வெளிநோக்கிச் சரிவு கொடுத்து, அதன் மேலும் இதே சாந்தைப் பூசலாம். வேலை முடிந்ததும் இரண்டு குடம் நீரைச் சுவரடியில் ஊற்றினால், அது எத்திசையில் ஓடுகிறதென்பது மழைக்கு முன்னரே தெரிந்துவிடும்.